குதிரைக்குப் பிறந்த பள்ளி

பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தில் கால் வைத்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது அங்கே தொங்கும் விளக்கைத்தான். சங்கிலியில் ஒரு வெண்கலக் குதிரை, அதன் முதுகில் ஒரு வீரன். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நவராத்திரி வந்தால் இதே ஊரிலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மேல் ஏறித் திருவனந்தபுரம் போகிறாள். குதிரைக்குப் பூமுகம், யானைக்கு அம்மன். சுற்றியுள்ள கல்குளம் தாலுகாவின் ஏலாக்களை, அதாவது வயல்வெளிகளை, தலைமுறை தலைமுறையாக உழுத எருமைக்கடாவுக்கும் காளைக்கும் அரண்மனையில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை.

வைத்தியத்திலும் இதே வரிசைதான். யானைக்குப் பாலகாப்பியர் பெயரில் ஒரு பெரிய நூல் உண்டு. குதிரைக்குச் சாலிஹோத்திரர் பெயரில் ஒன்று உண்டு. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் கஜ சாஸ்திரத்தைப் படங்களோடு அச்சிட்டிருக்கிறது. மாட்டுக்கு மாட்டு வாகடம் இருந்தது. ஆனால் அது ஊர் வைத்தியர் பரணில் புகை படிந்து கிடந்த ஓலை. அதற்குச் சம்பளம் கொடுத்த அரசன் யார் என்று தேடினால் அநேகமாக யாரும் இல்லை.

வாயில்லா ஜீவன் மேல் இரக்கப்பட்டு யாரோ கட்டியதுதான் கால்நடை மருத்துவக் கல்லூரி என்று நினைக்கத் தோன்றும். அதன் பிறப்பைத் தோண்டினால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. எந்த மிருகம் செத்தால் கஜானாவுக்கு நஷ்டமோ, அந்த மிருகத்துக்காகத்தான் ஒவ்வொரு பள்ளியும் பிறந்தது. குதிரை முதலில் வந்தது. உழவு மாடு அடுத்தது. பசுவும் கோழியும் பிறகு வந்தன. ஆடு வந்து சேர இரண்டரை நூற்றாண்டு ஆனது.

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் 1761-ல் தொடங்கியது. தொடங்கிய குளோத் பூர்ழெலா அதற்கு முன் அதே ஊரில் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். ஐரோப்பா முழுக்க மாடுகள் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்ததால்தான் அரசு பணம் கொடுத்தது. ஆனால் ஆசிரியரின் கை பழகியிருந்தது குதிரையில். லண்டனில் 1791-ல் பள்ளி வந்தபோது அதன் முதல் தலைவரான சான்பெல்லுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் ஒரு குதிரைதான். தோல்வியே அறியாத ‘எக்லிப்ஸ்’ என்ற பந்தயக் குதிரை 1789-ல் செத்தபோது, அதை அறுத்து அளந்து பார்த்தவர் அவர். செத்த பிறகும் சம்பாதித்துக் கொடுத்த குதிரை!

இந்தியாவுக்கு இந்தக் கல்வி பட்டாளத்தோடு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப்படைக்குக் குதிரை வளர்க்கவும் பழக்கவும் ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் 1824-லேயே ஒரு பண்ணை ஏற்பட்டது. லாகூரில் 1882-ல் ஒரு கால்நடைப் பள்ளி வந்தது. பம்பாயில் 1886-ல் கல்லூரி. வங்காளத்தில் 1893-ல். சென்னை மாகாணத்துக்கு மட்டும் அவசரம் இருக்கவில்லை. சைதாப்பேட்டையில் 1876-ல் தொடங்கிய வேளாண் பள்ளியில் உழவுப் பாடத்தோடு கொஞ்சம் மாட்டு வைத்தியமும் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அவசரத்தை உண்டாக்கியது வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோய்.

இன்றைக்கு முப்பது வயதுக்குள் இருக்கும் எந்த மாட்டுக்காரரும் வெக்கை கண்ட மாட்டைப் பார்த்திருக்க வழியில்லை. முதலில் கடுமையான காய்ச்சல். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய்க்குள் புண் வெடித்து, தவிடு அப்பியதுபோல் ஏடு படரும். மாடு தீனி எடுக்காது. பிறகு நாற்றமெடுக்கும் கழிச்சல். ஒரு வாரம், பத்து நாளுக்குள் முடிந்துவிடும். புதிதாக நுழைந்த ஊரில் பத்துக்கு எட்டு, ஒன்பது மாடு போகும். தொழுவத்தில் ஒன்று விழுந்தால் அடுத்தது நிற்காது, சந்தைக்குப் போய்வந்த மாடு பத்து ஊருக்குக் கொண்டுபோகும். பிரிட்டிஷ் அரசு அமைத்த மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் 1871-ல் பெரிய அறிக்கை ஒன்றைக் கொடுத்தது. உழவு மாடு செத்தால் உழவு இல்லை, உழவு இல்லையென்றால் நிலத்தீர்வை இல்லை. இந்தக் கணக்குப் புரிந்ததும் வேலைகள் நகர்ந்தன. பூனாவில் 1889-ல் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கி, பிறகு அதை இமயமலையில் முக்தேசுவரத்துக்கு மாற்றினார்கள். சுற்றிலும் வேறு மாடு இல்லாத இடமாக இருந்தால் வெக்கைக் கிருமியைத் தைரியமாகக் கையாளலாம் என்பது ஒரு காரணம்.

சென்னையின் முறை 1903-ல் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று வேப்பேரியில், டாபின் ஹால் என்ற சிறிய வீட்டில், 20 மாணவர்களோடு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மூன்று வருடப் படிப்பு. முடித்தால் ஜி.எம்.வி.சி. என்ற பட்டயம். படித்து வெளியே வந்தவர்களின் வேலை பெரும்பாலும் ஊர் ஊராகப் போய் நோய் பரவாமல் தடுப்பது: ஊசி போடுவது, நோய் கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டச் சொல்வது, தாலுகாவுக்கு அறிக்கை எழுதுவது. சொந்தமாகப் பலகை மாட்டி டிஸ்பென்சரி நடத்திப் பிழைக்கலாம் என்ற எண்ணத்துக்கே அப்போது இடமில்லை. மாட்டுக்காரன் கையில் கொடுக்கப் பணம் ஏது?

கல்குளம் தாலுகாவிலிருந்து ஒருவன் அந்த இருபது பேரில் சேர நினைத்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று கற்பனை செய்து பார்க்கிறேன். முதல் சிக்கல், அவன் வேறொரு ராஜ்யத்துப் பிரஜை. பத்மநாபபுரம் அப்போது மூலம் திருநாள் மகாராஜாவின் திருவிதாங்கூரில் இருந்தது. அடுத்தது வழி. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். ஆகவே மாட்டு வண்டியில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலி வரை போய், அங்கே ரயிலைப் பிடித்திருக்க வேண்டும். மாட்டுக்கு வைத்தியம் படிக்க மாட்டு வண்டியில்தான் முதல் கட்ட வழி. திருவிதாங்கூரில் மாடு குறைவு என்பதால் கல்லூரி வரவில்லை என்று சொல்லவும் முடியாது. பேச்சிப்பாறை அணை அப்போது எழும்பிக்கொண்டிருந்தது, 1906-ல் முடிந்தது. புதுத் தண்ணீர் பாய்ந்த ஏலாவெல்லாம் ஏர் கேட்டது.

வேப்பேரியின் முதல் முப்பது வருடம் பெரும்பாலும் வெக்கையோடு மல்லுக்கட்டியதில் போனது. அதற்குப் பிறகு வந்த சில வருடங்கள்தான் இந்தக் கல்லூரியின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. ராணிப்பேட்டையில் 1932-ல் நோய்த்தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் வந்தது. அதுவரை தூரத்து மலையிலிருந்து வரவேண்டியிருந்த சீரம் உள்ளூரிலேயே கிடைத்தது. அடுத்த வருடம் எம். ஆனந்தநாராயண ராவ் ஒரு புழுவை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

மாடு குறட்டை விடும் நோய் ஒன்று உண்டு. மூக்கடைப்பான் என்பார்கள். மூக்குக்குள் பூக்கோசு மாதிரி சதை வளரும். சளியும் சீழும் ஒழுகும். மாடு மூச்சை இழுக்கும்போது அடுத்த தெருவுக்குக் கேட்கும். சாகாது. ஆனால் நுகத்தில் பூட்டினால் நாலு சால் ஓட்டுவதற்குள் இளைத்து நின்றுவிடும். மழைக்காலத்துச் சளி, தூசி, வண்டு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூக்கின் ரத்தக்குழாய்களுக்குள் குடியிருக்கும் ஒரு மெல்லிய புழுதான் காரணம் என்று ராவ் விவரித்தார். அந்தப் புழுவுக்கு விலங்கியல் வைத்த பெயரில் இன்றும் ‘ராவ், 1933’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புழுவின் முட்டை மூக்குச் சளியோடு குளத்தில் விழும். பொரித்து வரும் குஞ்சு, குளத்தில் இருக்கும் ஒரு நத்தைக்குள் போய் வளரும். பிறகு நத்தையை விட்டு வெளியேறி, தண்ணீரில் இறங்கும் அடுத்த மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குளமும் வயலுமாகக் கிடக்கிற எந்த ஊருக்கும் இதைவிட நெருக்கமான நோய் வேறு இருக்க முடியாது. மாட்டைக் குளிப்பாட்டும் அதே குளத்தில்தான் நோயும் குளிக்கிறது. லண்டன் பாடப்புத்தகத்தில் இது இருக்காது, ஏனென்றால் லண்டனில் இந்த நத்தையும் இல்லை, இந்தக் குளமும் இல்லை. கடன் வாங்கிய பள்ளிக்கூடம் சொந்தப் பாடம் எழுதத் தொடங்கியது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1935-ல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பட்டயம் போய் பி.வி.எஸ்சி. பட்டம் வந்தது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் கொடுத்த முதல் கல்லூரி வேப்பேரிதான். மாட்டு டாக்டரும் டாக்டர்தான் என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்க 32 வருடம் பிடித்திருக்கிறது. ஊர் ஒத்துக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம் ஆனது. 1952-ல் சக்குபாய் ராமச்சந்திரன் இங்கே பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்து பசு வந்தது. மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் 1939-ல் இந்தியாவின் முதல் செயற்கைக் கருவூட்டலைச் செய்து காட்டினார். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தச் சினை ஊசிதான் கால்நடை டாக்டரின் அடையாளமாகவே ஆகிப்போனது. உழவு மாட்டின் இடத்தை டிராக்டர் பிடிக்கப் பிடிக்க, அரசின் கண் நுகத்திலிருந்து மடிக்கு இறங்கியது. கலப்பினம், ஜெர்சி, பால் சங்கம் என்று பாடத்திட்டமும் அந்தத் திசையில் நகர்ந்தது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரன் கதை விநோதமாக ஒரு தடவை முறுக்கிக்கொள்கிறது. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துக்கென்று மண்ணுத்தியில், திருச்சூருக்குப் பக்கத்தில், 1955-ல் ஒரு கால்நடைக் கல்லூரி வந்தது. கல்குளத்துப் பையனுக்குத் தூரம் பாதியாகக் குறைந்தது. அடுத்த வருடம் 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனை மட்டும் இன்றுவரை கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. மண்ணுத்தி அடுத்த மாநிலமாகிவிட, வேப்பேரி மறுபடியும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளிப் போனது. தமிழகத்தோடு சேரப் போராடி வென்றவர்கள் யாரும் இதற்காக வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். மலையாள வழக்கில் மிருகாஸ்பத்திரி என்று சொல்லிப் பழகிய ஊர், அதே கட்டடத்தைத் தமிழ்ப் பலகையோடு பார்க்கத் தொடங்கியது.

கோழியின் காலம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தது. 1976-ல் வேப்பேரிக் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக்கப்பட்டது. 1985-ல் மாநிலத்தின் இரண்டாவது கால்நடை மருத்துவக் கல்லூரி திறந்தது. எங்கே? நாமக்கல்லில். மழை குறைந்த, காவிரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் முட்டைக் கோழியைக் கூண்டில் வைத்து வளர்த்து, இந்தியாவின் முட்டைக் கணக்கையே மாற்றிக்கொண்டிருந்த ஊர். கல்லூரியை நாமக்கல்லுக்குக் கூட்டி வந்தது கோழிதான் என்றால் மிகையில்லை. பின்னாளில் கோழியின உற்பத்திக்கு என்றே தனிக் கல்லூரி மத்திகிரியில் வந்தது. கம்பெனியின் குதிரைகள் கொள்ளு தின்ற அதே மத்திகிரிதான். சரித்திரம் சில சமயம் இப்படிக் குசும்பு செய்யும்.

1987-ல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் ஆடுகள் மூக்கொழுகி, வாய் வெந்து, கழிந்து செத்தன. அறிகுறி எல்லாம் வெக்கை மாதிரியே. ஆராய்ந்தபோது அது வெக்கையின் பங்காளி: ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். அரசூரில் எடுத்த வைரஸை வைத்துப் பிறகு தடுப்பூசியும் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1989 செப்டம்பர் 20-ல், வேப்பேரியும் நாமக்கல்லும் மற்ற ஆய்வு நிலையங்களும் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆயின. கால்நடைக்கு என்று ஒரு மாநிலம் தனிப் பல்கலைக்கழகம் தொடங்கியது இந்தியாவில் அதுவே முதல் தடவை. அதன் தலைமையகம் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது.

ஆட்டுக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆடு ஏழையின் மிருகம், அதிலும் பெரும்பாலும் பெண்களின் மிருகம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போதும் கிழவிக்கு ஆஸ்பத்திரிச் செலவு வரும்போதும் விற்கிற சேமிப்பு. வரி கட்டாத மிருகத்தை அரசு அவ்வளவு எளிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் வாக்குச்சீட்டு கவனிக்கும். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு ஏழைப் பெண்களுக்கு வீட்டுக்கு நாலு ஆடு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த வருடம் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இராமையன்பட்டியிலும் புதுக் கல்லூரிகள் திறந்தன. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இத்தனை ஆட்டைக் கொடுத்துவிட்டு அதற்கு வைத்தியம் பார்க்க ஆள் வேண்டாமா என்று கேட்பது நியாயமான கேள்விதானே.

இராமையன்பட்டி பத்மநாபபுரத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வேப்பேரியில் வகுப்பு தொடங்கி 109 வருடம் கழித்து, பத்மநாபபுரத்துப் பிள்ளை காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு கால்நடைக் கல்லூரி வந்திருக்கிறது. பிறகு சேலம் தலைவாசல், உடுமலை, தேனி வீரபாண்டி என்று மேலும் மூன்று வந்து மொத்தம் ஏழாகிவிட்டன.

இந்தப் பக்கத்துக்கு அருகில் ஒரு கல்லூரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு மரச்சீனியைக் காட்டலாம். விசாகம் திருநாள் காலத்தில் திருவிதாங்கூர் ஏழைகளின் பஞ்சத்துக்கு என்று பரப்பிய கிழங்கு. கல்குளத்தில் வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் இருந்தால் அதில் நாலு மூடு மரச்சீனி நிற்கும். அதன் பச்சை இலையிலும் தொலியிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கட்டு அவிழ்ந்த ஆடு ஒன்று நிறையத் தின்றுவிட்டால் மூச்சு வாங்கி, வாய் நுரைத்து, சில சமயம் அரை மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். நேரத்துக்கு டாக்டர் வந்தால் சோடியம் நைட்ரைட்டும் ஹைப்போ என்ற சோடியம் தயோசல்பேட்டும் ரத்தக்குழாயில் போட்டுக் காப்பாற்றலாம். வெயிலில் நன்றாகக் காயப்போட்ட பிறகு கொடுத்தால் நஞ்சு குறையும் என்பதை வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுப்பது அதைவிட மலிவு. ரப்பர் இலையும் இதே ஜாதிதான். சென்னையில் நாய்க்குட்டிக்கு ஊசி போட்டுப் பழகும் மாணவனுக்கு இது நச்சியல் பாடத்தில் ஒரு பத்தி. இங்கே இது தெரிந்துதான் ஆகவேண்டும்.

நாய்க்குட்டி என்றது கிண்டலில்லை. உழவு மாட்டுக்காகப் பிறந்த வேப்பேரி ஆஸ்பத்திரியில் இன்றைக்கு வரிசையில் நிற்பவை நாய்களும் பூனைகளும்தான். மதிப்பு மறுபடியும் இடம் மாறிவிட்டது. இந்தத் தடவை கஜானா மாற்றவில்லை, அடுக்குமாடிக் குடியிருப்பு மாற்றியது. யானைக்கும் ஓர் ஆள் வந்தார். டாப்ஸ்லிப்பில் பல காலம் யானைகளோடு வாழ்ந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி காட்டில் செத்த யானையையும் அறுத்துப் பார்த்துத்தான் காரணம் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். குமரி மாவட்டத்துக்காரரான ஜெயமோகன் அவரை வைத்து ‘யானை டாக்டர்’ கதையை எழுதிய பிறகு கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. கல்லூரி விளம்பரத்தால் நடக்காத காரியம்.

பரணில் கிடந்த வாகடமும் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் டாக்டர் புண்ணியமூர்த்தி மரபு மருந்துகளை எடுத்துச் சோதித்து, கறவை மாட்டின் மடிநோய்க்கு ஒரு பூச்சைப் பரப்பினார். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்துக் கரைத்து நாளுக்குப் பல தடவை மடியில் பூச வேண்டும். ஆண்டிபயாடிக் போட்ட பாலைக் கீழே கொட்ட வேண்டிய கஷ்டம் இல்லை என்பதால் பால் சங்கங்களே இதைச் சிபாரிசு செய்கின்றன. வீட்டிலேயே மூன்றும் கிடைக்கும்.

வெக்கைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 1954-ல் தேசிய அளவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கி, ஊர் ஊராக மாட்டைப் பிடித்துக் கட்டி ஊசி போட்டார்கள். இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டியது 1995-ல், தமிழ்நாட்டில்தான். 2006-ல் இந்தியா விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் பூண்டோடு ஒழித்த இரண்டாவது நோய். அந்த ஊசியைச் சுமந்து திரிந்தவர்களில் பெரும்பகுதி பட்டம்கூட இல்லாத கால்நடை ஆய்வாளர்களும் உதவியாளர்களும். அவர்களுக்குச் சிலை எதுவும் கிடையாது.

இப்போது படிப்பு ஐந்தரை வருடம். கடைசி ஒரு வருடம் பயிற்சி மருத்துவராக வேலை. தமிழ்நாட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் இல்லை. அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்கு மட்டும் நீட். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. உணவு, பால், கோழித் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிப்புகள் தனியாக இருக்கின்றன. பத்மநாபபுரத்துக்குப் பக்கத்துத் தக்கலையில் ப்ளஸ் டூ முடித்து விண்ணப்பம் போடும் பெண், வீட்டில் ஆடு இருந்தால், மரச்சீனி இலை பற்றி வகுப்பில் ஆசிரியருக்கே இரண்டு விஷயம் சொல்லிக்கொடுப்பாள்.